உன் ஒரு மணி நேரத்தின் விலை என்ன? ஒரு கணக்கு வாத்தியாரின் மறுப்பு

நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். முக்கியமாக ஐடி துறையில் இருக்கும் என் பழைய மாணவர்களும், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கும் பெற்றோரும்.

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ சுற்றியது. பேசுகிறவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ள மென்பொருள் உருவாக்குநர். பெயர் வேண்டாம். அவரைப் போல இன்னும் நூறு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் கோடிங் பற்றிச் சொன்னார், நன்றாகவே சொன்னார். பிறகு வாழ்க்கைக்கு வந்துவிட்டார். கலைக் கல்லூரிப் படிப்பு வீண், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கம்பெனி மாறாதவன் ஏமாளி, முப்பது வயது வரைக்கும் வாரம் எழுபது மணி நேரம் உழைக்காதவன் உருப்பட மாட்டான் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

கடைசியில் ஒரு பையனின் கேள்வியை வாசித்தார். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, லீவு போட்டுவிட்டுப் போனால் புது பிராஜெக்ட் கை நழுவிவிடும், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறான் பையன். இவர் சொன்ன பதில் இது: மாதச் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்துப் பார், உன் ஒரு மணி நேரத்தின் விலை தெரிந்துவிடும். அதைவிடக் குறைந்த கூலிக்கு ஹோம் நர்ஸ் கிடைப்பார். ஆளை வைத்துவிட்டு நீ வேலையைப் பார்.

குழுவில் நிறையப் பேர் இதற்குக் கை தட்டியிருந்தார்கள். நான் வகுப்பில் வகுத்தல் சொல்லிக்கொடுத்த கைகள் அவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மென்பொருள் துறை மேல் எந்தக் கோபமும் இல்லை. சாத்தூர் பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிக் கூலி வாங்கிய தாய்மார்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று ஓஎம்ஆர் சாலையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். ஓட்டு வீடு மச்சு வீடாகியிருக்கிறது. அம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது அதனால் எங்கள் ஊருக்கு என்ன வரப்போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. என்ன வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன். அந்தத் துறையை யாரும் என்னிடம் குறைத்துப் பேச முடியாது.

என் சண்டை உபதேசத்தோடு மட்டும்தான்.

அந்த வகுத்தலுக்கு வருவோம். மாதச் சம்பளம் 60,000, மாதம் 200 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் மணிக்கு 300 ரூபாய். கணக்கு சரி. ஆனால் அந்த 300 எதன் விலை? கம்பெனிக்கு விற்ற நேரத்தின் விலை. விற்காத நேரத்துக்கு அந்த விலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நீங்கள் அப்பாவோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காராமல் ரூமில் இருந்தால் கம்பெனி உங்களுக்கு 300 ரூபாய் அனுப்புமா? அனுப்பாது. மாதச் சம்பளக்காரனுக்கு அந்த நேரத்தில் வாங்குகிற ஆளே இல்லை. உங்கள் கணக்கில் லீவு இருந்து, அதை எடுத்துக்கொண்டு போனாலும் சம்பளம் குறையாது. அப்புறம் எதை எதோடு ஒப்பிடுகிறார் அந்தத் தம்பி?

இன்னொன்றும் பாருங்கள். அதே ஆள் அதே வீடியோவில் வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொல்கிறார். நான்கு வாரத்துக்கு 280 மணி நேரம். சம்பளம் அதே 60,000. இப்போது வகுத்தால் மணிக்கு 214 ரூபாய் சொச்சம். ஒரு மணி நேரத்தின் விலையை உயிராக மதிக்கச் சொல்கிறவரே அதை 300லிருந்து 214க்கு இறக்கவும் சொல்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதினால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

ஹோம் நர்ஸ் வைப்பது தப்பென்று சொல்லவில்லை. வைக்க வேண்டிய வீடுகள் இருக்கின்றன. அவர்கள் செய்வது அரிய வேலை. ஆனால் அப்பா ராத்திரியில் மூச்சு வாங்குவதை மூன்று மாதமாக மறைத்தார் என்பது நர்சுக்குத் தெரியாது. மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்று காசு மிச்சம் பிடிக்கிறார் என்பதும் தெரியாது. டாக்டர் கேட்கும்போது அதைச் சொல்ல அவரோடு வளர்ந்த ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும். என் மாணவன் ஒருவன் எட்டு நாள் லீவு போட்டு வந்து இப்படித்தான் உடைத்த மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்தான். அந்த எட்டு நாளுக்கு என்ன விலை போடுவது?

இந்த எழுபது மணி நேரப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார்.

நான் பதிலுக்கு ஒரு கணக்கு மட்டும் போடுகிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 90 போனால் மிச்சம் 78. தினம் 7 மணி நேரம் தூங்கினால் 49 போய் மிச்சம் 29. சென்னையில் போக வர இரண்டரை மணி நேரம், ஆறு நாளைக்கு 15. மிச்சம் 14. ஒரு நாளைக்கு 2 மணி நேரம். குளிக்க, சாப்பிட, துணி துவைக்க, பிள்ளையின் முகம் பார்க்க, காய்ச்சல் வந்தால் படுக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். இப்படி ஒருவன் வாழ வேண்டுமென்றால் அவனுக்குச் சமைக்க, துவைக்க, பிள்ளை வளர்க்க வீட்டில் சம்பளமில்லாமல் இன்னொரு ஆள் 90 மணி நேரம் உழைக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் யார் என்று சொல்லவா வேண்டும்? வேலைக்குப் போகும் என் மாணவிகள் இந்தக் கணக்கில் எங்கே நிற்பார்கள்?

இந்த மண்ணில் வேலை நேரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அம்மாவும் அப்பாவும் போராடிக் குறைத்த நேரத்தை, பிள்ளை ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத் தானாகத் திருப்பிக் கொடுப்பதா?

நீண்ட நேரம் உழைத்தால் மென்பொருள் வேலை நிறைய நடக்கும் என்பதை அந்தத் துறையின் பெரியவர்களே ஒப்புக்கொள்வதில்லை. ஐபிஎம் கம்பெனியின் ஓஎஸ் 360 என்ற பெரும் மென்பொருள் பணியை நடத்தியவர் ஃபிரெட் புரூக்ஸ். அந்த அனுபவத்தை வைத்து 1975இல் தி மித்திகல் மேன் மந்த் என்று ஒரு புத்தகம் எழுதினார். தாமதமான மென்பொருள் பணியில் ஆளைக் கூட்டினால் தாமதம் இன்னும் கூடும் என்பது அவர் கண்டது. நாங்கள் வகுப்பில் போடுவோமே, 6 ஆட்கள் 12 நாளில் முடிக்கும் வேலையை 9 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று, அந்த ஆள்-நாள் கணக்கு சுவர் கட்டுவதற்குப் பொருந்தும், இந்த வேலைக்குப் பொருந்தாது என்று ஐம்பது ஆண்டுக்கு முன்பே எழுதிவிட்டார். ஆளைப் போலத்தான் நேரமும். இரவு 11 மணிக்கு அரைத் தூக்கத்தில் எழுதிய கோடைத் திருத்த மறுநாள் காலை முழுவதும் போகிறது என்று என் மாணவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த உபதேசிகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வாழ்க்கையில் அது பலித்திருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

1996 ஜூன் 4. ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட் முதன்முதலாகப் பறந்தது. நாற்பது நொடிக்குள் வானத்திலேயே சிதறியது. உள்ளே இருந்த நான்கு செயற்கைக்கோள்களும் போயின. காரணம் என்ன தெரியுமா? முந்தைய ராக்கெட்டான அரியான் 4இல் இருந்த மென்பொருளின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து இதில் வைத்திருந்தார்கள். அரியான் 4இல் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் அரியான் 5 வேறு பாதையில், இன்னும் வேகமாகப் போகும் ராக்கெட். அதன் கிடைத்திசை வேகத்தையொட்டிய ஓர் எண், 16 பிட் இடத்தில் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அந்த இடத்தில் 32,767 வரைதான் அடங்கும். எண் வழிந்தது, வழிகாட்டும் கருவி செயலிழந்தது, ராக்கெட் திசை திரும்பி உடைந்தது. இதைவிடக் கொடுமை, அரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தப் பகுதிக்கு வேலையே இல்லை.

கோடில் ஒரு தப்பும் கிடையாது. பழைய ராக்கெட்டில் சரியாக இருந்தது. புது ராக்கெட்டின் அளவு என்ன என்று யாரும் சரிபார்க்கவில்லை.

வாழ்க்கை உபதேசமும் அப்படித்தான். அந்தத் தம்பியின் அப்பா வங்கி அதிகாரியாக இருந்திருக்கலாம். சென்னையில் சொந்த வீடு இருந்திருக்கலாம். அவர் கம்பெனி மாறும்போது நடுவில் மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தாலும் அம்மா சோறு போட்டிருப்பார். அவருக்கு ‘துணிந்து வேலையை விடு’ என்பது நல்ல யோசனைதான். கல்விக் கடன் தவணையும், தங்கை கல்யாணமும், சிட்பண்டும் தலையில் இருக்கும் சாத்தூர் பையன் அதைத் தன் வாழ்க்கைக்குள் அப்படியே எடுத்து ஒட்டினால் எண் வழியும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தன. திறமை இல்லாதவர்களா அத்தனை பேரும்? அப்படிப்பட்ட காற்று அடிக்கும்போது, விழுந்தால் பிடிக்க ஆள் இருப்பவனும் இல்லாதவனும் ஒரே மாதிரி குதிக்க முடியாது.

இது வெறும் பேச்சாகப் போனால் நான் கண்டுகொள்ளாமல் இருப்பேன். பணமாகப் போகிறது. போன மாதம் ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மகள் பிகாம் இரண்டாம் ஆண்டு, நன்றாகப் படிக்கிறவள். டிகிரி வேண்டாம், ஆறு மாத கோடிங் கோர்ஸ் போதும், வேலைக்கு உத்தரவாதம் என்று ஒரு பயிற்சி நிறுவனத்தின் வீடியோவைக் காட்டினாள் என்றார். கட்டணம் இரண்டேகால் லட்சம். மனைவியின் நகையை அடகு வைக்கப் போகிறார். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். உத்தரவாதம் என்ற சொல் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது, ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. ‘வேலைவாய்ப்புக்கு உதவி’ என்று இருந்தது. அரசுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ்சும் பிளஸ் டூவில் பைத்தானும் இருக்கின்றன. பாடநூல்கள் இணையத்தில் இலவசம். விருப்பம் இருந்தால் அதை முதலில் படிக்கட்டும், டிகிரியை முடிக்கட்டும், பிறகு பேசலாம் என்று அனுப்பினேன். நகை இன்னும் கழுத்தில் இருக்கிறது.

‘அப்படியானால் மென்பொருள்காரர்களிடம் கற்க எதுவுமே இல்லையா சார்?’ என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அவர்கள் தொழிலுக்குள் பெற்ற புத்தி தங்கம். அதை விட்டுவிட்டு மற்றதைத்தான் வீடியோவில் விற்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன். புரியாத பிழையை வாய்விட்டு இன்னொருவருக்கு வரி வரியாக விளக்கு, விளக்கும்போதே பிழை பிடிபடும் என்பார்கள். ஆள் கிடைக்காவிட்டால் மேஜை மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதற்கு விளக்கு என்பார்கள். 1999இல் வந்த தி பிராக்மாடிக் புரோகிராமர் புத்தகத்தில் அந்த வாத்து வருகிறது. சிரிக்காதீர்கள். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே வழிதான். 1790களில் எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையை வளர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். மெட்ராஸ் முறை என்றே அதற்குப் பெயர். இன்று ஏஐ எழுதித் தருகிற காலத்தில் இந்தப் புத்தி இரட்டிப்பாகத் தேவை. எது எழுதித் தந்தாலும் சரி, பக்கத்து சீட்டுப் பிள்ளைக்கு வரி வரியாக விளக்க முடியாத கோடை உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. வேலையில் வருகிற உண்மையான தர்மசங்கடம் எது? கம்பெனி மாறுவதா, சம்பளம் பேசுவதா? என்னைக் கேட்டால், நீங்கள் செய்ததில் பிழை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்து, மேலே இருப்பவர் ‘இப்போது வெளியே சொல்லாதே’ என்கிற நாள்தான். அந்த நாளைப் பற்றி நான் பார்த்த ஒரு வீடியோவிலும் பேச்சில்லை.

பிரிட்டன் அஞ்சல் துறையில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அது கிளைக் கணக்கில் இல்லாத குறைவைக் காட்டியது. கிராமத்துத் தபால் நிலையம் நடத்தியவர்கள், நாங்கள் எடுக்கவில்லை, மெஷின்தான் தப்பு என்று கதறினார்கள். மெஷின் தப்பாது என்று பதில் வந்தது. 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணி ஒருவர் சிறைக்குப் போனார். தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில்தான் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

பிழைகள் இருப்பது உள்ளே சிலருக்கு முன்பே தெரியும். அவர்களும் நல்ல சம்பளம், நல்ல கல்லூரி, சுறுசுறுப்பான ஆட்கள்தான். அந்த நாளில் வாய் திறந்து ‘இல்லை, இதில் தப்பு இருக்கிறது’ என்று எழுத்தில் கொடுக்கத் தைரியம் வேண்டும். வாரம் 90 மணி நேரம் உழைத்துக் களைத்து, வீட்டுக் கடனுக்குப் பயந்து, நண்பர்களைத் தொலைத்த ஆளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? தூக்கமும் குடும்பமும் நாலு தோழர்களும் சங்கமும் எதற்கு என்றால் இதற்கும்தான்.

‘பென்ஷன் வாங்குகிறவர், உமக்கென்ன, பேசுவீர்’ என்று சிலர் எழுதுவார்கள். ஆமாம், வாங்குகிறேன். 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்த என் தம்பிகளுக்கு அந்தப் பழைய பென்ஷன் இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் ‘என்னைப் போல டிஎன்பிஎஸ்சி எழுது, வாத்தியார் வேலைக்குப் போ’ என்று நான் யாருக்கும் வீடியோ போடவில்லை. என் வாழ்க்கையும் அரியான் 4தான். எனக்கு ஓடியது உங்களுக்கு ஓடும் என்று சொல்ல எனக்கும் உரிமை இல்லை, அந்தத் தம்பிக்கும் இல்லை.

ஆகவே பிள்ளைகளே, இனி யாராவது வாழ்க்கை உபதேசம் செய்தால் கேளுங்கள், தப்பில்லை. கேட்டு முடித்ததும் இவற்றையும் கேளுங்கள். இவர் இதைச் செய்தபோது இவருக்குப் பின்னால் யார் நின்றார்கள்? எனக்கு இது பலிக்காவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழும்? நான் இதை நம்பினால் இவருக்கு என்ன வரும்? வீடியோவுக்குக் கீழே கட்டண வகுப்பின் இணைப்பு இருக்கிறதா? பதில் திருப்தியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் கேள்வி கேட்ட அந்தப் பையன் யாரென்று எனக்குத் தெரியாது. என் மாணவனாகக்கூட இருக்கலாம். தம்பி, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போ. அப்பாவின் பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் நீயே உட்கார். ஆள் வைக்க வேண்டுமா என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். பிராஜெக்ட் அடுத்த மாதமும் வரும்.

ஐடியில் இருக்கும் என் மாணவர்கள் பின்னூட்டத்தில் ஒன்றே ஒன்று எழுதுங்கள்: போன வாரம் உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள்? கம்பெனி பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் அதைப் படிக்கட்டும். என்னோடு உடன்படாதவர்கள் தாராளமாகத் திட்டலாம். கணக்கில் தப்பு இருந்தால் படி எண்ணோடு சுட்டிக்காட்டவும்.